பழைய கசற்றும் பாடியவர் பெயரும்: திருமலையில் என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

1980களின் தொடக்கத்திலிருந்து 2003 வரை இலங்கையின் திருகோணமலை நகரில் (எங்கள் வாயில் திருமலை) ஒரு சின்ன ரெக்கோடிங் கடை வைத்திருந்தேன். ஆட்கள் ஒரு தாளில் பன்னிரண்டு பாட்டு எழுதிக்கொண்டு வருவார்கள், நான் கசற்றில் பதிந்து கொடுப்பேன். கடையை மூடி இருபது வருடத்துக்கு மேலாகியும் ஆட்கள் வருவது நிற்கவில்லை. இப்போது வீட்டுக்கே வருகிறார்கள். பையில் பழைய கசற் இருக்கும். "இதை போனுக்கு மாத்தித் தாங்கோ ஐயா" என்பார்கள். பாட்டு ஓடத் தொடங்கியதும் கேள்விகளும் தொடங்கிவிடும். அவற்றுக்குப் பதில் சொல்லிச் சொல்லி எனக்குத் தொண்டை வறண்டதைப் பார்த்த மருமகள், "எழுதி வைச்சிட்டால் என்ன மாமா?" என்றாள். அவள் சொன்னபடி எழுதியது இது.

இது எம்.ஜி.ஆர் பாட்டா, சிவாஜி பாட்டா?

இரண்டு பேருமே பாடவில்லை. பாடியவர் டி.எம். சௌந்தரராஜன். மதுரைக்காரர், சௌராஷ்டிரக் குடும்பம், காரைக்குடி ராஜாமணி ஐயங்காரிடம் சங்கீதம் படித்தவர். 1954 ஆம் ஆண்டை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஒரு வருடத்தில் 'தூக்குத் தூக்கி'யில் சிவாஜிக்கும் 'மலைக்கள்ளன்' படத்தில் எம்.ஜி.ஆருக்கும் பாடினார். அதற்குப் பிறகு இரண்டு முகாமுக்கும் அவர்தான் குரல். எங்கள் ஊரில் எம்.ஜி.ஆர் ரசிகனும் சிவாஜி ரசிகனும் தேத்தண்ணிக் கடையில் அடிபடாத குறையாக வாதாடுவார்கள். இரண்டு பேரும் வாயில் முணுமுணுத்தது ஒரே மனிதரின் பாட்டைத்தான்.

சிவாஜிக்கு முதலில் இவர் மேல் அவ்வளவு நம்பிக்கை இல்லையாம். 'பராசக்தி'யில் சி.எஸ். ஜெயராமன் பாடி வெற்றி கண்டிருந்ததால் அந்தக் குரலையே விரும்பினார். "மூன்று பாட்டுப் பாடிக் காட்டுகிறேன், பிடிக்காவிட்டால் போய்விடுகிறேன்" என்று டி.எம்.எஸ் கேட்டு வாங்கிய வாய்ப்புத்தான் அது என்று சொல்வார்கள்.

ஒரே ஆள் இரண்டு பேருக்கும் எப்படிப் பொருந்தினார் என்பதைக் கேட்டுத்தான் அறிய வேண்டும். சிவாஜி பாட்டில் குரல் நெஞ்சுக்குள்ளிருந்து கனமாக வரும். எம்.ஜி.ஆர் பாட்டில் அதே குரல் மேலே ஏறி, கொஞ்சம் மூக்கோடு, வெளிச்சமாக ஒலிக்கும். நான் கடைக்கு வரும் பெடியன்களிடம் படத்தின் பெயரைச் சொல்லாமல் இரண்டு பாட்டைப் போட்டுவிட்டு "எது யாருக்கு?" என்று கேட்பேன். பத்துக்கு ஒன்பது பேர் சரியாகச் சொல்வார்கள். பாடியவர் யாரென்று கேட்டால் ஐந்து பேர் முழிப்பார்கள். பாட்டு நிலைக்க, பாடியவர் பெயர் கழன்று விழுகிற இந்த விசயம் எனக்குப் பெரிய மனக்குறை. இந்தப் பக்கம் முழுக்க அதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அந்தக் காலத்தில் இந்தப் பாட்டெல்லாம் திருமலைக்கு எப்படி வந்து சேர்ந்தது?

வானொலியில் வந்தது. கொழும்பில் 1925 இல் தொடங்கிய ஒலிபரப்பு 1949 இல் 'ரேடியோ சிலோன்' ஆனது. 1967 இல் கூட்டுத்தாபனமாகி, 1972 இல் நாட்டின் பெயர் மாறியபோது இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனம் என்றானது. பெயர் எத்தனை மாறினாலும் எங்களுக்கு அது 'இலங்கை வானொலி'தான். அதன் தமிழ்ச் சேவையைத் தமிழ்நாட்டுக் கரையோரத்தில் எங்களைவிட ஆசையாகக் கேட்டார்கள். அகில இந்திய வானொலி ஒரு காலத்தில் சினிமாப் பாட்டை வாசலிலேயே நிறுத்தி வைத்திருந்தது, அந்த இடைவெளியில் நம்முடைய ஆட்கள் புகுந்துவிட்டார்கள்.

எங்கள் வீட்டில் இருந்தது ஒரு வால்வு ரேடியோ. போட்டதும் பாடாது. உள்ளே மஞ்சள் வெளிச்சம் வந்து, வால்வு சூடேறி, முதலில் ஒரு உறுமல், பிறகுதான் பாட்டு. காலையில் 'பொங்கும் பூம்புனல்' போகும்போது அம்மா தேங்காய் துருவுவா. இரவில் கடல் பக்கம் இருந்து காற்று வந்தால் திருச்சி நிலையமும் கேட்கும், இரண்டும் ஒன்றின் மேல் ஒன்று ஏறி, சீர்காழி கோவிந்தராஜனின் வெண்கலக் குரலுக்குள் யாரோ செய்தி வாசிப்பார்கள்.

இசைத்தட்டு வாங்க வசதி உள்ளவர்கள் குறைவு. பழைய 78 சுற்றுத் தட்டில் ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிடம் சொச்சம்தான் கொள்ளும். பழைய பாட்டுகள் பலதும் மூன்று நிமிடத்தில் முடிவதற்குத் தட்டின் அளவு ஒரு காரணம். பிறகு கசற் வந்ததும் சாதாரண வீட்டுக்கும் பாட்டு சொந்தமாகிவிட்டது. அறுபது நிமிடக் கசற், தொண்ணூறு நிமிடக் கசற் என்று இரண்டு வகை ஓடும். தொண்ணூறில் நாடா மெல்லிசு, சீக்கிரம் சுருளும். நான் எப்போதும் அறுபதைத்தான் எடுக்கச் சொல்வேன். ஆட்கள் கேட்க மாட்டார்கள்.

அறிவிப்பாளர்களைப் பற்றி ஏன் இவ்வளவு கதைக்கிறீர்கள்? அவர்கள் பாடவில்லையே.

பாடவில்லை, ஆனால் பெயரைச் சொன்னார்கள். எஸ்.பி. மயில்வாகனம், கே.எஸ். ராஜா, ராஜேஸ்வரி சண்முகம், பி.எச். அப்துல் ஹமீத் என்று ஒவ்வொருவருக்கும் ஒரு தனி நடை. மயில்வாகனத்தின் குரலுக்குத் தமிழ்நாட்டில் நடிகர்களுக்கு உள்ளதுபோல ரசிகர்கள் இருந்தார்கள். ராஜா மூச்சு விடாமல் பொரிந்து தள்ளுவார். ராஜேஸ்வரி அக்கா நிதானமாக, ஒவ்வொரு எழுத்துக்கும் மரியாதை கொடுத்துப் பேசுவா. அப்துல் ஹமீதின் 'பாட்டுக்குப் பாட்டு' கேட்டு வளர்ந்ததால்தான் என் தலைமுறைக்குப் பாட்டின் இரண்டாவது சரணமும் தெரியும்.

பாட்டுக்கு முன்னோ பின்னோ படம், எழுதியவர், இசை, பாடியவர் என்று ஒழுங்காகச் சொல்வார்கள். இன்று போனில் ஒரு பாட்டைத் தட்டினால் நடிகரின் படம் வருகிறது. மற்றவர் பெயர் எங்கே?

'சுராங்கனி' எந்தப் படத்துப் பாட்டு?

அடிக்கடி வரும் கேள்விகளில் முதலிடம் இதற்குத்தான். அது படத்துக்காகப் பிறந்த பாட்டு அல்ல. இலங்கையின் பைலா மெட்டில் சிங்களமும் தமிழும் கலந்து மேடையில் வளர்ந்தது. அதைக் கடல் தாண்டிக் கொண்டுபோனவர் ஏ.ஈ. மனோகரன். 'பொப்பிசைச் சக்கரவர்த்தி' என்று நாங்கள் சொல்வோம், தமிழ்நாட்டில் அவர் 'சிலோன் மனோகர்'. அங்கே பாட்டு தீயாகப் பரவிய பிறகுதான் 1977 இல் 'அவர் எனக்கே சொந்தம்' படத்தில் இளையராஜா இசையில் மலேசியா வாசுதேவன் பாடி அது சினிமாவுக்குள் போனது. படத்துக்கு முன்பே பாட்டு ஊரைச் சுற்றியிருந்தது.

அதில் வரும் 'மாலு மாலு' என்பதைப் பலர் சும்மா சத்தம் என்று நினைக்கிறார்கள். சிங்களத்தில் மாலு என்றால் மீன். மீன்காரன் பெண்ணொருத்திக்கு மீன் கொண்டுவந்த கதை, அவ்வளவுதான். எங்கள் ஊரில் கடற்கரையில் வலை இழுத்த பிறகு சிங்களமும் தமிழும் கலந்து விலை பேசுவதைக் கேட்டவனுக்கு அந்தப் பாட்டின் மொழி புதிசாகவே இருக்காது.

மனோகரன் 'வாடைக்காற்று' படத்தில் நடித்தார். பிறகு இந்தியா போய் வில்லன் வேடங்கள் நிறையச் செய்தார். 2018 ஜனவரி 22 அன்று சென்னையில் காலமானார். அன்று என் வீட்டுக்கு வந்த ஒரு ஓட்டோக்காரத் தம்பி செய்தியைப் போனில் பார்த்துவிட்டு, "இவரைப் படத்தில் கண்டிருக்கிறேன், வில்லன் தானே?" என்றான். ஓட்டோவில் போட்டிருந்த பாட்டு அவருடையது என்பது அவனுக்குத் தெரியாது.

பைலா சிங்கள இசைதானே, தமிழருக்கு என்ன சம்பந்தம்?

சிங்களமும் இல்லை, தமிழும் இல்லை. போர்த்துக்கீசர் விட்டுப்போனது. 'பைலார்' என்றால் அவர்கள் மொழியில் ஆடுவது. ஆபிரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்ட காப்பிரி மக்களின் தாளமும், ஐரோப்பியக் கலப்பில் வந்த பறங்கியரின் வயலினும், இங்குள்ள றபான் மேளமும் சேர்ந்து 'கப்பிரிஞ்ஞா' என்ற ஆட்ட இசை உண்டானது. பைலா அதன் பிள்ளை. ஆறெட்டுத் தாளம், ஒன்று-இரண்டு-மூன்று, ஒன்று-இரண்டு-மூன்று என்று உருண்டுகொண்டே போகும். உட்கார்ந்திருப்பவனின் கால் தானாக ஆடும். அதை நகரத்து மேடைப் பாட்டாக ஆக்கியவர் என்று வோலி பஸ்தியானைச் சொல்வார்கள். வேலையில் அவர் பொலிஸ்காரர்!

திருமலைக்காரன் இதைப் புத்தகத்தில் படிக்கத் தேவையில்லை. பாலையூற்றில் பறங்கியர் குடும்பங்கள் இருக்கிறார்கள், மட்டக்களப்பைப் போலவே. மூத்தவர்கள் வாயில் இன்னும் போர்த்துக்கீசக் கலப்பு மொழி வரும். சின்ன வயதில் அந்தப் பக்கம் ஒரு கல்யாண வீட்டுக்கு அப்பாவோடு போயிருக்கிறேன். வயலின்காரர் நாற்காலி நுனியில் இருந்தபடி வாசிக்க, கோட்டுப் போட்ட கிழவர் ஒருவரும் பூப்போட்ட கவுன் போட்ட பாட்டி ஒருவரும் ஒருவரையொருவர் தொடாமல் எதிரெதிராக நின்று ஆடினார்கள். கிழவரின் சப்பாத்து சிமெந்துத் தரையில் உரசிய சத்தம் தாளத்தோடு சரியாக விழுந்தது. பல வருடம் கழித்து பைலா என்று ரேடியோவில் கேட்டபோது, அட, அந்தச் சப்பாத்துச் சத்தம்தானே இது என்று நினைத்தேன்.

எங்கள் ஊர்க்காரர் யாரும் பாடி இசைத்தட்டு வெளியிட்டார்களா?

இந்தக் கேள்வியை யாராவது கேட்க மாட்டார்களா என்று காத்துக்கொண்டிருப்பேன். பரமேஸ், கோணேஸ் சகோதரர்கள் திருமலைக்காரர்கள். கோணேஸ் என்ற பெயரிலேயே ஊர் இருக்கிறது, வேறு சாட்சி தேவையில்லை. எம்.பி. பரமேஸ் இசையமைத்துப் பாடிய 'உனக்குத் தெரியுமா' எங்கள் நாட்டுத் தமிழ் மெல்லிசைத் தட்டுகளில் முன்னோடியானது. மனைவி மாலினியும் பாடகி. மகள் பிரபாலினி பிறகு இசையமைப்பாளராக வந்தார். ஒரு குடும்பமே பாடியிருக்கிறது. இன்று பஸ் ஸ்டாண்டில் நின்று பத்துப் பேரிடம் இந்தப் பெயர்களைச் சொல்லிப் பாருங்கள். எத்தனை தலை ஆடும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

அதே காலத்து இன்னொரு பெரிய பெயர் நித்தி கனகரத்தினம். உரும்பிராய்க்காரர், விவசாயம் படித்தவர், பின்னாளில் ஆஸ்திரேலியாவில் குடியேறியவர். 'சின்ன மாமியே' என்று தொடங்கும் பாட்டும், கள்ளுக்கடைப் பக்கம் போகாதே என்று கணவனுக்குப் புத்தி சொல்லும் பாட்டும் அவருடையவை. யாழ்ப்பாணப் பேச்சுத்தமிழை அப்படியே கிற்றாரில் ஏற்றினார். அதற்கு முன்பு பாட்டு என்றால் 'செந்தமிழ்' அல்லது 'சென்னைத் தமிழ்' என்றுதான் எங்களுக்குப் பழக்கம். எங்கள் வீட்டு அடுப்படியில் கேட்கும் தமிழும் பாட்டாகும் என்று காட்டியது சின்ன விசயம் இல்லை. இந்த வகையைத் துள்ளிசை என்றும் சொல்வார்கள். எனக்கு அந்தச் சொல் பிடிக்கும், ஆனால் கடையில் வந்து யாரும் "துள்ளிசைக் கசற் இருக்கா?" என்று கேட்டதில்லை. 'பொப்' என்றுதான் கேட்டார்கள்.

வானொலியில் எஸ்.கே. பரராஜசிங்கம் போன்றவர்கள் மெல்லிசைக்கு நேரம் ஒதுக்கி வளர்த்ததும், 1970களில் இந்தியப் படங்களுக்கும் சஞ்சிகைகளுக்கும் வந்த இறக்குமதிக் கட்டுப்பாடும் உள்ளூர்க்காரருக்கு ஒரு வாசலைத் திறந்தன. பிறகு கட்டுப்பாடு போனது, போர் வந்தது, பாடியவர்கள் ஒவ்வொருவராகக் கப்பலேறினார்கள். இவர்கள் பாட்டுக்கு வாயசைக்க ஒரு கதாநாயகன் இல்லை. முகம் இல்லாத பாட்டு என்பதால் பெயர் இன்னும் சீக்கிரம் கழன்றது.

கோவில் திருவிழாவில் கேட்கும் அம்மன் பாட்டைப் பாடுவது யார்?

எல்.ஆர். ஈஸ்வரி. முழுப்பெயர் லூர்து மேரி ராஜேஸ்வரி. ஆமாம், கத்தோலிக்கக் குடும்பம். தாயோடு கோரஸ் பாடப் போய், 1961 இல் 'பாசமலர்' படத்தில் மணப்பெண்ணைத் தோழி அழைக்கும் பாட்டால் வெளிச்சத்துக்கு வந்தவர். சினிமாவில் அவருக்குக் கிடைத்ததில் பெரும்பகுதி கிளப் டான்ஸ் பாட்டு. அந்தப் பாட்டுகளை "வீட்டில் போடாதே" என்று சொன்ன அதே அம்மாமார், பத்திரகாளி அம்மன் கோவில் ஒலிபெருக்கியில் அவர் குரல் எழுந்ததும் கைகூப்புவார்கள். இரண்டும் ஒரே தொண்டை என்று நான் சொன்னபோது, பக்கத்து வீட்டு மாமி ஒரு கிழமை என்னோடு கதைக்கவில்லை.

கிண்ணியா, மூதூர்ப் பக்கம் அதிகம் கேட்டது யாருடைய கசற்?

நாகூர் ஈ.எம். ஹனிபா. பெருநாள் நெருங்கினால் கிண்ணியாவிலிருந்து பாதை ஏறி வந்து வாங்கிப்போவார்கள். (பாலம் வருவதற்கு முன் கடலைக் கடந்தது 'பாதை' என்று நாங்கள் சொல்லும் மிதவையில்தான்.) மைக் தேவையில்லாத குரல். தமிழ்நாட்டில் திராவிட முன்னேற்றக் கழக மேடைகளிலும் பாடியவர், 2015 ஏப்ரலில் காலமானார். இறைவனிடம் கையேந்தச் சொல்லும் அவருடைய பாட்டை இந்துக்களும் வேதக்காரரும் (கிறிஸ்தவர்கள்) கேட்டு வாங்கினார்கள். அந்தப் பாட்டில் எந்த மதத்தின் பெயரும் தடையாக நிற்காது.

சந்திரபாபு இலங்கைக்காரரா?

பிறந்தது தூத்துக்குடி, வளர்ந்தது கொழும்பு. தகப்பன் சுதந்திரப் போராட்டக்காரர் என்பதால் குடும்பம் இங்கே வரவேண்டி வந்தது. கொழும்பில் மேற்கத்திய இசை காதில் விழாமல் வளர முடியாது. தமிழ்ப் பாட்டில் யோடலிங் என்ற அந்தக் குரல் உடைப்பைக் கொண்டுவந்தவர் அவர்தான். சிரிக்க வைத்தவர், தானே பாடியவர், சொந்தமாகப் படமெடுக்கப் போய்க் கடனில் நொந்தவர். 1974 மார்ச்சில் இறந்தபோது ஐம்பது வயதுகூட ஆகவில்லை.

தாத்தா காலத்துப் பாடகர்கள்?

பாகவதரையும் சுந்தராம்பாளையும் சொல்லாமல் விட்டால் என் அப்பா கனவில் வந்து ஏசுவார்.

எம்.கே. தியாகராஜ பாகவதர் தமிழ் சினிமாவின் முதல் உச்ச நட்சத்திரம். 1944 தீபாவளிக்கு வந்த 'ஹரிதாஸ்' சென்னையில் ஒரே கொட்டகையில் மூன்று தீபாவளியைக் கண்டது. அந்தப் படம் ஓடிக்கொண்டிருக்கும்போதே லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் கைதானார். லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய், 1947 இல் விடுதலையானார். வெளியே வந்தபோது குரல் இருந்தது, காலம் இல்லை. 1959 நவம்பர் 1 அன்று போய்விட்டார்.

கே.பி. சுந்தராம்பாள் கதை எங்கள் நாட்டோடு ஒட்டியது. கொடுமுடிக்காரி, நாடகக் குழுவோடு இலங்கைக்கு வந்தவர். இங்கே வைத்துத்தான் செங்கோட்டை கிட்டப்பாவோடு மேடையேறினார், வாழ்க்கையும் சேர்ந்தது. கிட்டப்பா 1933 இல் முப்பது வயதுக்கு முன்பே இறந்தார். இவருக்கு அப்போது இருபத்தைந்து. அன்றிலிருந்து வெள்ளைச் சேலைதான். 1935 இல் 'பக்த நந்தனார்' படத்தில் ஆண் வேடமான நந்தனாராக நடிக்க ஒரு லட்சம் ரூபா வாங்கினார். அந்தக் காலத்து ஒரு லட்சம்! அவ்வையாராக அவர் பாடும்போது கிழவி வேடம் தெரியாது, கேட்டுப் பாருங்கள், அந்தக் குரலில் ஒரு கட்டளை இருக்கும்.

ஏ.எம். ராஜா ஏன் பாதியில் காணாமல் போனார்?

கோபம் என்பார்கள். மென்மையான குரலுக்குள் வளையாத மனிதர். 1959 இல் 'கல்யாணப் பரிசு'க்கு இசையமைத்து, பாடி, உச்சத்தில் நின்றார். பிறகு இசையமைப்பாளர்களோடும் இயக்குநரோடும் ஒத்துவராமல் ஒதுங்கினார். 1970களில் திரும்பி வந்து சில நல்ல பாட்டுகள் பாடினார். மனைவி ஜிக்கியும் பெரிய பாடகி. இருவரும் மேடைக் கச்சேரி செய்துகொண்டிருந்த காலத்தில், 1989 ஏப்ரல் 8 அன்று, வள்ளியூர் ரயில் நிலையத்தில் ரயிலில் ஏறும்போது நடந்த விபத்தில் ராஜா இறந்தார். அந்தக் கிழமை என் கடையில் அவருடைய கசற் கேட்டு வந்தவர்களை எண்ணியே பார்த்தேன், முப்பத்தொரு பேர். அதற்கு முந்தின மாதம் ஒருவரும் இல்லை.

எஸ்.பி.பி.யா, ஜேசுதாஸா?

பதில் சொல்ல மாட்டேன். இதனால் கடையில் ஒருமுறை கண்ணாடி உடைந்திருக்கிறது.

சுசீலா, ஜானகி, வாணி ஜெயராம். மூன்று பேரின் குரலையும் எப்படிப் பிரித்து அறிவது?

நான் கையாளும் வழி சொல்கிறேன், சாஸ்திரம் கிடையாது. பி. சுசீலா பாடினால் ஒவ்வொரு சொல்லும் கழுவி வைத்த வெண்கலக் கிண்ணம் மாதிரி இருக்கும். ழகரமும் ளகரமும் பிசகாது, இவ்வளவுக்கும் அவர் விஜயநகரத்துத் தெலுங்குப் பெண். சிறந்த பின்னணிப் பாடகிக்கான இந்திய தேசிய விருதை முதன்முதலில் வாங்கியவர், படம் 'உயர்ந்த மனிதன்'. 17,695 பாட்டு என்று 2016 இல் கின்னஸில் அவர் பெயர் ஏறியது.

எஸ். ஜானகி பாட்டில் குரல் ஆளை மாற்றிக்கொண்டே இருக்கும். குழந்தை, கிழவி, வெட்கப்படுகிற பெண் என்று எது கேட்டாலும் ஒரே ஆள். பாடும்போது முகம் அசையாது, எல்லாம் தொண்டைக்குள் நடக்கும். 2013 இல் பத்மபூஷண் கொடுத்தபோது, பிந்தி வந்தது என்று மறுத்துவிட்டார். எனக்கு அந்த மறுப்புப் பிடித்தது.

வாணி ஜெயராம் வேலூர்க்காரர், வங்கியில் வேலை பார்த்தவர், 1971 இல் ஹிந்திப் படத்தில் அறிமுகமாகிப் பிறகு தமிழுக்கு வந்தார். கடினமான சங்கதி ஒன்று அலட்டல் இல்லாமல், கோடு போட்டதுபோல நேராக இறங்கினால் அது வாணி. மூன்று தேசிய விருது. 2023 ஜனவரியில் பத்மபூஷண் அறிவித்தார்கள், பெப்ரவரி 4 அன்று காலமானார்.

கசற் உப்புத்தண்ணியில் நனைந்துவிட்டது. எறிந்துவிடவா?

எறியாதீர்கள். 2004 சுனாமிக்குப் பிறகு எத்தனையோ பேர் சாக்குப் பைக்குள் கொண்டுவந்தார்கள். உப்பு காய்ந்து படிந்தால்தான் நாடா கெடும், ஆகவே முதல் வேலை நல்ல தண்ணியில் அலசுவது. வெயிலில் வைக்கக் கூடாது, நிழலில் இரண்டு மூன்று நாள் காற்றாடக் காயவிட வேண்டும். ஹெயார் டிரையர் பக்கமே போகாதீர்கள். காய்ந்த பிறகு நாலு மூலையிலும் நடுவிலும் உள்ள ஐந்து ஸ்க்ரூவைக் கழற்றி, இரண்டு சில்லையும் அப்படியே தூக்கி, புதுக் கூட்டுக்குள் வைக்கலாம். தலையைத் தொடும் இடத்தில் ஒரு சின்னத் துணித்துண்டு ஸ்ப்ரிங்கில் ஒட்டியிருக்கும், அது விழுந்திருந்தால் சத்தம் மங்கும். ஒட்டிக்கொண்ட சுற்றைப் பென்சிலால் மெல்லச் சுற்றுங்கள். ஸ்க்ரூ இல்லாமல் ஒட்டி மூடிய கூடாக இருந்தால் நீங்கள் கைவைக்க வேண்டாம், கொண்டுவாருங்கள்.

ரேடியோவிலிருந்து பதிந்த கசற். நடுவில் அறிவிப்பாளர் கதைக்கிறார், வீட்டுச் சத்தமும் இருக்கிறது. அதை வெட்டிவிட்டுப் பாட்டை மட்டும் தரலாமா?

தரலாம், கம்ப்யூட்டரில் இரண்டு நிமிட வேலை. ஆனால் நான் முழுசையும் ஒரு தரம் மாற்றித் தந்த பிறகுதான் வெட்டுவேன்.

போன வருடம் கனடாவிலிருந்து வந்த ஒரு தம்பி உவர்மலையில் பூட்டிக்கிடந்த வீட்டிலிருந்து ஒரு கசற் எடுத்து வந்தார். மேலுறையில் நீல மையில் 'பழசு, 2' என்று மட்டும் எழுதியிருந்தது. ரேடியோவுக்கு முன்னால் ரேப் ரெக்கோடரை வைத்து, பட்டனை அமத்திப் பதிந்தது. சத்தம் கரகரப்பு. "பாட்டு மட்டும் போதும் அங்கிள், மற்றதை வெட்டிவிடுங்கோ" என்றார். சரி என்று ஓடவிட்டேன். ராஜேஸ்வரி அக்காவின் குரல் வந்தது. இசை இன்னார், பாடியவர்கள் ஏ.எம். ராஜா, பி. சுசீலா என்று நிறுத்தி நிறுத்திச் சொன்னா. பாட்டு தொடங்கி முதல் சரணம் முடிகிற இடத்தில், ஒரு கதவு கிறீச்சிட்டது. கிட்டத்தில் ஒரு பெண் குரல், "சத்தம் போடாதேங்கோ, அப்பா பதியிறார்."

தம்பி கையை நீட்டி மெஷினை நிறுத்தினார். "அது அம்மம்மா," என்றார். பிறகு பின்னால் சுற்றி மறுபடி போடச் சொன்னார். நாலு தரம் போட்டோம். எதையும் வெட்டவில்லை.